பழைய எஞ்சின் வாங்கக் கடனா? முதலில் அதன் காலைப் பாருங்க!



கடற்கரை ஊர்க் குழுக்களில் வருகிற கடன் மனுக்களைப் புரட்டிப் பாருங்கள். கறவை மாடு, தையல் மிஷின், மீன் வியாபாரம், பிள்ளைகள் படிப்பு என்று எல்லாம் இருக்கும். நடுவில் ஒரு மனு கட்டாயம் இருக்கும்: "பழைய எஞ்சின் வாங்க." ஃபைபர் படகின் பின்பக்கப் பலகையில் மாட்டுகிற எஞ்சின். மாட்டுக்கு மனு வந்தால் நாலு பேர் நேரில் போகிறோம். பல்லைப் பார்க்கிறோம், மடியைத் தொட்டுப் பார்க்கிறோம், ஒரு வேளை கறந்து காட்டச் சொல்கிறோம். எஞ்சினுக்கு மனு வந்தால் மட்டும் "அது ஆம்பளைங்க சமாசாரம்" என்று தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

நானும் அப்படித்தான் போட்டேன். அப்போது நான் எங்கள் குழுவின் ஊக்குநர். உறுப்பினர் அக்கா ஒருவர் 35,000 ரூபாய் கேட்டார். பக்கத்து ஊரில் ஒருவர் எஞ்சின் விற்கிறார், புதுசு மாதிரி இருக்கு, வீட்டுக்காரர் பார்த்துட்டார் என்றார். விற்றவர் எஞ்சினைக் கரைக்கே கொண்டு வந்து, மணலில் ஒரு மரச்சட்டத்தில் மாட்டி, கயிற்றை ஒரே இழுப்பு இழுத்தார். ஊரே கேட்கும்படி கத்தியது. எல்லோருக்கும் சந்தோஷம். நானும் கைதட்டினேன்.

11 தடவை கடலுக்குப் போய் வந்தது. 12ஆம் தடவை நடுக்கடலில் எஞ்சின் ஓடுகிறது, படகு நகரவில்லை. இன்னொரு படகு கட்டி இழுத்து வந்தது. மெக்கானிக் பிரித்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். கீழே கியர் இருக்கும் இடத்திலிருந்து ஆயில் வரவில்லை, மோர் வந்தது. அத்தனை வெள்ளை. பல்சக்கரத்தில் நாலு பல் இல்லை. படகு 2 மாதம் கரையில் கிடந்தது. அக்கா தோட்டை விற்றார், பிறகு மீட்டர் வட்டிக்கு வாங்கினார். எங்கள் குழுவில் தவணை நின்றது. அதனால் வங்கிக் கடன் தள்ளிப்போனது, அதற்காகக் காத்திருந்த மற்ற 11 பேருக்கும் சேர்த்துத்தான். அக்கா கூட்டத்துக்கு வருவதையே கொஞ்ச நாள் விட்டுவிட்டார்.

கடன் அக்கா பேரில், எஞ்சின் வீட்டுக்காரர் பேரில். எஞ்சின் நின்றால் தவணை எங்கிருந்து வரும்? அக்காவின் மீன் கூடையிலிருந்துதான். அதனால்தான் இது நம்ம சமாசாரம் என்கிறேன்.

அதற்குப் பிறகு எங்கள் கூட்டமைப்பில் பழைய எஞ்சின் மனு வந்தால் போய்ப் பார்க்காமல் பணம் விடுவதில்லை. நல்ல மெக்கானிக் ஒருவரிடம் பல தடவை கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். மண்ணெண்ணெயிலும் பெட்ரோலிலும் ஓடுகிற அவுட்போர்டு எஞ்சினைப் பற்றித்தான் இது. டீசலில் ஓடும் நீளக் குழாய் எஞ்சின் வேறு வகை, அதை இன்னொரு முறை பார்ப்போம்.

தலையும் காலும்

இந்த எஞ்சினை ஒரு ஆள் நிற்கிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். மேலே மூடிக்குள் இருப்பது தலை. அங்கேதான் எண்ணெய் எரிகிறது, சத்தம் வருகிறது. நடுவில் உடம்பு. அதற்குள் ஒரு நீளமான கம்பி நெட்டுக்குச் சுழல்கிறது. தண்ணீருக்குள் இருக்கிற கடைசிப் பகுதி கால். மெக்கானிக் அதை லோயர் யூனிட் என்பார், கியர் பாக்ஸ் என்றும் சொல்வார். நெட்டுக்குச் சுழல்கிற கம்பியின் வேகம் இந்தக் காலுக்குள் பல்சக்கரம் வழியாகக் குறுக்கே திரும்பி, பின்னால் இருக்கும் புரொப்பெல்லரைச் சுற்றுகிறது. நம்ம ஊரில் காத்தாடி என்கிறோமே, அதுதான்.

அந்தப் பல்சக்கரங்கள் ஆயிலில் மூழ்கி இருக்க வேண்டும். வெளியே சுற்றிலும் உப்புத் தண்ணீர். உள்ளே ஆயில், வெளியே கடல். இரண்டுக்கும் நடுவே காத்தாடிக் கம்பியைச் சுற்றி நிற்பது ஒரு ரப்பர் வளையம். ஆயில் சீல் என்பார்கள். அந்த வளையம் கிழிந்தால் கடல் உள்ளே போகும். போன உடனே எஞ்சின் நிற்காது, அதுதான் ஆபத்து. பத்து நாள், இருபது நாள் நன்றாகவே ஓடும். அதற்குள் விற்றவர் பணத்தை வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

தலையில் வருகிற கோளாறு பெரும்பாலும் சத்தத்தில், புகையில் தெரிந்துவிடும். காலில் வருகிற கோளாறு வெளியே தெரியாது. மணலில் வைத்துக் கத்தவிட்டால் சுத்தமாகத் தெரியாது.

ஆயில் என்ன நிறம்?

காலின் பக்கவாட்டில் இரண்டு திருகு இருக்கும். ஒன்று அடியில், ஒன்று மேலே. மேல் திருகைத் தொடாமல், அடித் திருகை மட்டும் மெதுவாகத் தளர்த்தச் சொல்லுங்கள். ஒரு கரண்டி அளவு ஆயில் வெளியே வரும். வெள்ளைத் தட்டு ஒன்றைக் கீழே பிடியுங்கள்.

எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நமக்கு வித்தியாசம் தெரியாதா? ராத்திரி முழுக்க அசையாமல் நின்ற எஞ்சின் என்றால், ஆயிலைவிடக் கனமான தண்ணீர் அடியில் இறங்கி நிற்கும். திருகைத் தளர்த்தியதும் முதலில் சொட்டுவது தண்ணீராக இருந்தால் அங்கேயே திரும்பி வந்துவிடலாம். பால் விட்ட காப்பி மாதிரியோ மோர் மாதிரியோ வந்தால் தண்ணீர் கலந்து ஓடியிருக்கிறது என்று அர்த்தம். கறுத்துப்போய், கருகின வாடை அடித்தால் ரொம்ப நாள் மாற்றாத ஆயில். அதை மட்டும் வைத்து வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை, ஆனால் அந்த எஞ்சினை எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பது தெரிந்துவிடும்.

ஆயிலை விரலில் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மை மாதிரி நைசாக இருந்தால் பரவாயில்லை, பல்சக்கரம் தேய்கிற தூள் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். ரவை மாதிரி நெருடினால், பளபளவென்று சின்னத் துண்டு தெரிந்தால் பல் உடைகிறது.

இப்போது ஒரு சூது சொல்கிறேன். விற்பவர் விவரமானவர் என்றால் முந்தின நாளே பழைய ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்றி வைத்திருப்பார். நீங்கள் திறந்தால் தேன் மாதிரி வரும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. "படகில் மாட்டி அரை மணி, முக்கால் மணி நேரம் ஓட்டுங்க, வந்து மறுபடி பார்க்கிறோம்" என்று சொல்லணும். சீல் நன்றாகவே கிழிந்திருந்தால் அந்த நேரத்துக்குள் ஆயில் வெளுக்க ஆரம்பித்துவிடும். இன்னும் உறுதி வேண்டுமா? மெக்கானிக்கிடம் ஆயிலை வடித்துவிட்டு அந்தத் துவாரம் வழியாகக் கொஞ்சம் காற்று அடைத்துப் பார்க்கச் சொல்லலாம். சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அமுக்கி பஞ்சர் பார்க்கிற அதே வேலைதான். எங்கே சீல் போயிருக்கோ அங்கே முட்டை முட்டையாகக் குமிழி வரும்.

சீல் ஏன் கிழிகிறது தெரியுமா? நம்ம வலையால்தான். அறுந்து மிதக்கிற நைலான் நரம்பு காத்தாடிக் கம்பியில் சுற்றிக்கொள்ளும். சுற்றச் சுற்ற இறுகி, சூட்டில் உருகி, ரப்பர் வளையத்தைக் கத்தி மாதிரி அறுக்கும். அதனால் காத்தாடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பின்னும் ஒரு நட்டும்தான், அஞ்சு நிமிஷ வேலை. உள்ளே நரம்பு சுற்றியிருந்தால் விற்பவரிடம் விலை பேசுகிற இடம் நமக்கு வந்துவிட்டது. இந்த ஒன்றை மட்டும் வீட்டில் இருக்கிற எஞ்சினுக்கும் செய்யுங்கள். சீல் விலை சின்னது, பல்சக்கரத்தின் விலை அப்படி இல்லை.

கையால் தொட்டுப் பார்ப்பது

தொடுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. பிளக்கில் மாட்டியிருக்கும் ஒயரைக் கழற்றிய பிறகுதான் காத்தாடியைக் கையால் சுற்ற வேண்டும். கயிறு இழுக்காவிட்டாலும் சில நேரம் எஞ்சின் பிடித்துக்கொள்ளும், விரல் போய்விடும்.

கியரை நடுவில் வைத்து, காத்தாடியை மெதுவாகச் சுற்றுங்கள். பின்னாலிருந்து அந்தக் கம்பியின் நுனியையே பாருங்கள். ஒரு ஈர்க்குச்சியை நுனிக்குப் பக்கத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டால் இன்னும் நல்லது. நுனி ஒரே இடத்தில் சுற்ற வேண்டும். வட்டம் போட்டால் கம்பி வளைந்திருக்கு. முகத்துவாரத்து மணல் திட்டிலோ பாறையிலோ அடித்த எஞ்சின் அது. வளைந்த கம்பி இருந்தால் எத்தனை புது சீல் போட்டாலும் சீக்கிரமே கிழியும்.

பிறகு கம்பியை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். லொட லொட என்றால் உள்ளே பேரிங் தேய்ந்திருக்கு. காலின் அடியில் மீன் செதில் மாதிரி ஒரு துடுப்பு நீட்டிக்கொண்டிருக்கும். அது உடைந்தோ, பற்றவைத்தோ இருந்தால் அடிபட்டதற்குச் சாட்சி. பற்றவைத்தது தெரியாமல் இருக்கத்தான் காலுக்கு மட்டும் புது பெயிண்ட் அடிப்பார்கள். தலையில் பழைய பெயிண்ட், காலில் புதுப் பெயிண்ட் என்றால் நம்ம கண் அங்கேயே நிற்கணும். நகத்தால் சுரண்டிப் பாருங்கள். அடியில் வெள்ளைப் பொடி உதிர்ந்தால் அலுமினியத்தை உப்பு தின்றுகொண்டிருக்கு.

உப்பு அலுமினியத்தைத் தின்னாமல் இருக்கக் காலில் ஒரு துண்டு துத்தநாகம் வைத்திருப்பார்கள். அலுமினியத்துக்குப் பதிலாக அது கரையும். பழைய எஞ்சினில் அது பாதி கரைந்திருந்தால் பயப்பட வேண்டாம், அது தன் வேலையைச் செய்திருக்கு, மாற்றினால் போதும். அதன் மேலேயும் பெயிண்ட் அடித்திருந்தால்தான் தப்பு. பெயிண்ட் மூடின துத்தநாகம் கரையாது, அதற்குப் பதில் எஞ்சின் கரையும்.

நாங்கள் முதன்முதலில் இப்படிக் கரையில் போய் நின்றபோது, பொம்பளைங்க எஞ்சினைத் தொடக்கூடாது என்று ஒரு பெரியவர் சத்தம் போட்டார். "தவணை கட்டறப்ப மட்டும் தொடலாமா தாத்தா?" என்று எங்கள் பிரதிநிதி கேட்டுவிட்டார். பெரியவர் சிரித்துக்கொண்டே நகர்ந்து உட்கார்ந்தார்.

மணலில் ஓட்டிக் காட்டுகிறவரை நிறுத்துங்க

எஞ்சினின் சூட்டைத் தணிப்பது கடல் தண்ணீர்தான். காலுக்குள் கைவிசிறி மாதிரி ஒரு ரப்பர்ச் சக்கரம் தண்ணீரை உறிஞ்சி மேலே அனுப்புகிறது. இம்பெல்லர் என்று பெயர். தண்ணீர் இல்லாமல் ஓடினால் அந்த ரப்பர் உரசிக் கருகும், ஒரு நிமிஷம்கூட வேண்டாம். எங்கள் அக்காவுக்கு எஞ்சினை மணலில் கத்தவிட்டுக் காட்டினாரே, அந்தக் கைதட்டலிலேயே ஒரு இம்பெல்லர் போயிருக்கும்.

ஓட்டிப் பார்க்கப் படகு இல்லையென்றால் பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, கால் முழுக்க மூழ்கும்படி நிறுத்தி, காத்தாடியைக் கழற்றிவிட்டு ஓட்டலாம். ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் எஞ்சினின் பின்பக்கத்தில் ஒரு சின்னத் துவாரத்திலிருந்து தண்ணீர் கம்பி மாதிரிப் பீய்ச்சணும். கையை நீட்டிப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம், கை சுடக்கூடாது. சொட்டுச் சொட்டாக வந்தால் துவாரத்தில் உப்பு அடைத்திருக்கலாம், ஒரு கம்பியால் குத்திப் பார்க்கணும். குத்தியும் வரவில்லையென்றால் இம்பெல்லர் போயிருக்கு, அல்லது உள்ளே தண்ணீர் போகிற வழி முழுக்க உப்பு கட்டியிருக்கு. முதலாவது சின்னச் செலவு. இரண்டாவது சின்னதும் இல்லை, முடிவும் இல்லை.

இதைத் தடுக்க ஒவ்வொரு நாளும் எஞ்சினை நல்ல தண்ணீரில் கொஞ்ச நேரம் ஓட்டிக் கழுவ வேண்டும். அந்த நல்ல தண்ணீரைக் குடம் குடமாகச் சுமப்பது யார் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் விற்பவரிடம் கேட்பதோடு விடாதீர்கள், அவர் வீட்டு அம்மாவிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்: "தினம் எஞ்சினுக்கு எத்தனை குடம் தண்ணி எடுப்பீங்க?" பதில் வருகிற வேகத்திலேயே தெரிந்துவிடும்.

தலையைப் பார்ப்பது

போனவுடன் மூடியைத் திறந்து எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருக்க வேண்டும். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்னாலேயே ஓட்டிப் பழக்கி வைத்திருக்கிறார். காப்பி குடித்துவிட்டு வருகிறோம், ஆறட்டும் என்று சொல்லுங்கள். ஆறின எஞ்சின் எத்தனை இழுப்பில் பிடிக்கிறது என்று எண்ணுங்கள். விடியக்காலை 3 மணிக்கு உங்கள் வீட்டுக்காரர் அந்த எஞ்சினைத்தான் இழுக்கப் போகிறார்.

8, 9.9 குதிரைசக்தி எஞ்சின்களில் பெரும்பாலும் இரண்டு சிலிண்டர், இரண்டு பிளக். இரண்டையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அவை இரட்டைப் பிள்ளை மாதிரி இருக்கணும். இரண்டும் ஒரே மாதிரி பழுப்பு என்றால் நல்லது. மண்ணெண்ணெய் எஞ்சினில் கொஞ்சம் கரி பிடிப்பது சகஜம். ஒன்று கரியாக, இன்னொன்று கழுவி வைத்த மாதிரிப் பளிச்சென்று இருந்தால் அந்தப் பளிச்தான் ஆபத்து. அந்த சிலிண்டருக்குள் தண்ணீர் கசிகிறது. மெக்கானிக்கிடம் அழுத்தம் அளக்கும் கருவி இருந்தால் இரண்டு சிலிண்டரையும் அளக்கச் சொல்லுங்கள். எத்தனை என்பதைவிட இரண்டும் சமமாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். பத்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பிஸ்டன் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கு.

கடலில் மூழ்கி எடுத்த எஞ்சினா என்றும் பார்க்கணும். 2004 சுனாமியில் எத்தனை எஞ்சின்கள் மூழ்கின என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோதும் படகோடு போன எஞ்சின்கள் உண்டு. மூழ்கின எஞ்சினைச் சில மணி நேரத்துக்குள் எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவி, ஆயில் விட்டு ஓட்டியிருந்தால் பிழைத்துக்கொள்ளும். நாலு நாள் கிடந்து, வெயிலில் காய்ந்து, பிறகு பெயிண்ட் அடித்தது என்றால் உள்ளே பேரிங் அரித்திருக்கும். மூடிக்குள் திருகுத் தலைகளின் பள்ளத்தில், ஒயர் சேருமிடங்களில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பெயிண்ட் பிரஷ் அந்த மூலைக்கெல்லாம் போகாது.

நம்பர்

மூடியில் ஒட்டியிருக்கும் பெயரையும் குதிரைசக்தியையும் நம்ப வேண்டாம். மூடியை ஒரு எஞ்சினிலிருந்து இன்னொரு எஞ்சினுக்கு மாற்றலாம், ஸ்டிக்கர் கடையில் கிடைக்கும். எஞ்சினைப் படகுப் பலகையில் இறுக்குகிற பிடியில் ஒரு தகடு இருக்கும். மாடலும் வரிசை எண்ணும் அதில்தான். அந்த எண்ணும் பில்லில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று எழுத்துக்கு எழுத்துப் பாருங்கள். தகட்டைப் பெயர்த்திருந்தால், எண்ணைத் தேய்த்திருந்தால், எத்தனை மலிவானாலும் வேண்டாம். திருட்டு எஞ்சின் நம்ம குழுக் கடனில் வந்தால் போலீஸ் ஸ்டேஷனுக்கும் நாம்தான் போகணும்.

மாடல் பெயர் இன்னொன்றும் சொல்லும். யமஹா, சுசுகி மண்ணெண்ணெய் எஞ்சின்கள் பலவற்றில் மாடல் பெயரில் 'கே' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். பெட்ரோலுக்கென்று செய்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஊற்றினால் உள்ளே தட்ட ஆரம்பிக்கும், பிஸ்டன் கெடும். மண்ணெண்ணெய் எஞ்சினே ஆனாலும் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடான பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்தும் முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டணும். அந்த இரண்டு வழியையும் திருப்புகிற குழாய் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

கால் நீளத்தையும் டேப் வைத்து அளக்கணும். குட்டைக் கால் 15 அங்குலம், நெட்டைக் கால் 20 அங்குலம் என்று இரண்டு அளவு பொதுவாக உண்டு. உங்கள் படகின் பின்பலகை உயரத்துக்கு எது சேருமோ அதுதான் வேண்டும். காத்தாடிக்கு மேலே தட்டு மாதிரி ஒரு பாகம் இருக்கும். அது படகின் அடிமட்டத்தை ஒட்டியோ, கொஞ்சம் கீழேயோ வரணும். குட்டையாகிவிட்டால் அலையில் காத்தாடி தண்ணீரை விட்டுக் காற்றைப் பிடிக்கும். எஞ்சின் அலறும், படகு நகராது, எண்ணெய் மட்டும் தீரும்.

உதிரிபாகம் கிடைக்காத எஞ்சின் இனாமாகக் கிடைத்தாலும் யோசிக்கணும். ஜான்சன், எவின்ரூட் பெயரில் எஞ்சின் செய்த அமெரிக்கக் கம்பெனி 2000 டிசம்பரில் திவாலானது. வாங்கின கம்பெனியும் 2020இல் எவின்ரூட் செய்வதை நிறுத்திவிட்டது. இப்போது அதற்கு ஒரு சீல் வேண்டுமென்றால் தேடி அலைய வேண்டும். நம்ம கரையில் எந்தக் கம்பெனி எஞ்சின் நிறைய ஓடுகிறதோ, எதை நம்ம ஊர் மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பாரோ அதுதான் நமக்கு நல்ல எஞ்சின்.

போன வருடம் ஒரு சகோதரி வேறொரு கேள்வி கேட்டார். ஏலத்தில் ஒரு பழைய உல்லாசப் படகு மலிவாக வருகிறதாம், எஞ்சின் படகுக்குள்ளே இருக்கிறதாம், கால் மட்டும் வெளியே தொங்குகிறதாம், வாங்கலாமா என்று. அந்த வகைக்கு ஸ்டெர்ன்டிரைவ் என்று பெயர். வோல்வோ பென்டா 1959இலும் மெர்குரூசர் 1961இலும் இந்த வகையைச் சந்தைக்குக் கொண்டு வந்தார்கள். வெளியே இருக்கும் காலுக்கு மேலே சொன்ன சோதனை எல்லாம் அப்படியே பொருந்தும். கூடவே ஒரு தொல்லை உண்டு. படகுக்கும் காலுக்கும் நடுவில் துருத்தி மாதிரி ரப்பர் உறை இருக்கும். வயசானால் வெடிக்கும். வெடித்தால் நின்ற இடத்திலேயே படகுக்குள் தண்ணீர் ஏறும். எஞ்சினுக்கு ஒரு நம்பர், காலுக்கு ஒரு நம்பர் என்று தனித்தனியாகவும் இருக்கும், ஒன்று மாறியிருந்தால் பாகம் பொருந்தாது. நம்ம மீன்பிடிக்கு அது வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவரும் கேட்டுக்கொண்டார்.

பணம் விடுவதற்கு முன்

ஊக்குநர், ஒரு பிரதிநிதி, கடன் கேட்கும் உறுப்பினர் என மூன்று பேராவது போங்கள். மெக்கானிக் நம்ம ஆளாக இருக்கணும், விற்பவர் கூட்டி வந்தவராக இருக்கக்கூடாது. அவருக்கு ஒரு நாள் கூலி கொடுங்கள். அந்தக் கூலியைக் குழுவிலிருந்து கொடுக்க நாங்கள் தீர்மானம் போட்டிருக்கிறோம். வலை, ஐஸ் பெட்டி, ஆட்கள் எல்லாம் ஏற்றி, கடலில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சுமை இல்லாமல் பிடித்துக்கொள்ளும் கியர் சுமை ஏறியதும் நழுவினால் அங்கே தெரியும். முன்னும் பின்னும் மாற்றிப் பார்க்கட்டும்.

விற்பவரிடம் இன்னும் இரண்டு கேள்வி. இந்த எஞ்சின் மேல் வேறு குழுவிலோ வங்கியிலோ கடன் பாக்கி இருக்கிறதா? மானியத்தில் வாங்கியது என்றால் விற்க அனுமதி உண்டா? இதற்கு வாய்ப் பதில் போதாது, காகிதம் வேண்டும். சந்தேகம் இருந்தால் மீன்வளத் துறை அலுவலகத்தில் எண்ணைக் காட்டிக் கேளுங்கள்.

விலை பேசும்போது கண்ட கோளாறுகளை எழுதி, ஒவ்வொரு பாகமும் எவ்வளவு என்று கடையில் கேட்டு, கூட்டிக் கழித்துவிட்டுப் பேசுங்கள். முழுப் பணத்தையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். கொஞ்சம் நிறுத்தி வைத்து, 15 நாள் ஓடிய பிறகு ஆயிலை மறுபடி பார்த்துவிட்டுக் கொடுப்பதாக எழுதி வாங்குங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாதவர் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். பில் யார் பேரில் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். கடன் வாங்கின சகோதரியின் பேரும் பில்லில் இருக்கட்டும்.

போன மாதம் இதே அக்காவின் மருமகள் எஞ்சினுக்கு மனு கொடுத்தார். பார்க்கப் போனபோது அக்காவையும் கூட்டிப் போனோம். கரையில் வைத்துத் திறந்தபோது ஆயில் தேன் மாதிரி இருந்தது. முக்கால் மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து திறந்தோம். அக்காதான் தட்டைப் பிடித்தார். லேசாக வெளுத்திருந்தது. "புது ஆயில் அப்படித்தான் இருக்கும்மா" என்றார் விற்பவர். அக்கா தட்டை எங்கள் எல்லோருக்கும் காட்டினார், ஒன்றும் பேசவில்லை. காத்தாடியைக் கழற்றச் சொன்னோம். உள்ளே ஒரு முழம் நரம்பு. கம்பி வளையவில்லை, பல்சக்கரம் நன்றாக இருந்தது, பிளக் இரண்டும் ஒன்று போல இருந்தன. சீல் மாற்றி, மெக்கானிக் காற்று அடைத்துப் பார்த்த பிறகு, 4,000 ரூபாய் குறைத்து வாங்கியிருக்கிறோம். 3,000 ரூபாய் இன்னும் எங்கள் பொருளாளரிடம் இருக்கிறது. இந்த 22ஆம் தேதியோடு 15 நாள் முடிகிறது. அன்று காலையில் மறுபடி தட்டோடு போகிறோம்.